ஏறும்போது அணைந்த எஞ்சின்

பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருந்த வேலுமயிலுக்கு ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டும் ஆசை வந்தது. தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன விமானம்தான். சூலூருக்கு அப்பால், வறண்டு கிடந்த ஒரு குளத்தில் அதைப் பறக்கவிடக் கற்றுக்கொடுத்தவள் ஸ்டெல்லா. அவரைவிட இருபது வயது இளையவள்.

அவர் செய்த முதல் விமானம் மேலே ஏறும்போது எஞ்சின் அணைந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

இரண்டும் விழுந்தது தேர்வு நாட்களில். விமானத்தை ஏற்றி, ஒரு சுற்று சுற்றி, இறக்கிக் காட்டினால்தான் அங்குள்ள விமான கிளப்பில் தனியாக ஓட்ட விடுவார்கள். மூன்றாவது முறையும் தவறினால் அடுத்த வருடம்தான்.

அந்த மூன்றாவது காலையில் ஸ்டெல்லா கேட்டாள். "இதுவும் விழுந்தா என்னண்ணா பண்ணுவீங்க?"

"நாலாவது ஒண்ணு செய்வனுங்க மேடம்."

சிரிக்காமல் சொன்னார்.

எஞ்சினைக் கிளப்பி முழு வேகத்தில் விட்டார். கார்புரேட்டரின் பக்கத்தில், கிளிக் கிளிக்கென்று படிப்படியாகத் திரும்பும் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை மூட மூட எரிபொருள் குறையும், வேகம் கூடும். முப்பது வருடம் மோட்டார் சத்தத்திலேயே வாழ்ந்த மனிதர். காதைச் சாய்த்துக்கொண்டு மூடிக்கொண்டே போனார். கரகரப்பெல்லாம் போய் எஞ்சின் கணீரென்று பாடியது.

"கொஞ்சம் திறந்து விடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

திறந்தார். சத்தம் மட்டுப்பட்டது. லேசாகப் புகை வந்தது. அவர் முகம் சுருங்கியது. அவள் ரிமோட்டை எடுக்கத் திரும்பியதும் மறுபடி மூடினார்.

சத்தம் உயர்ந்தது அவள் காதிலும் விழுந்தது.

"போன ரெண்டு தடவையும் இதைத்தான் செஞ்சீங்களாண்ணா?"

திருகிலிருந்து விரலை எடுத்தார்.

"மனசு கேக்கலீங்க. இன்னும் ஓடறதுக்கு அதுக்குத் தெம்பு இருக்குது. வேணும்னே எதுக்குங்க மந்தமா விடணும்?"

"விமானத்தைக் கையில எடுங்க. விசிறிக்குப் பின்னாடி கெட்டியாப் பிடிச்சுக்கங்க. மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்குங்க."

தூக்கினார். ஒரு கணம் பாடியது. பிறகு குரல் மெலிந்தது, இழுத்தது, நின்றது.

இரண்டு முறை உயரத்திலிருந்து கேட்ட அதே சத்தம். இப்போது அவர் கைகளுக்குள் கேட்டது. விமானத்தை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கீழ நல்லாத்தானுங்களே ஓடுச்சு."

"கீழ நல்லாத்தான் ஓடுச்சு."

மூக்கு மேலே போனால் டேங்க் கீழே போய்விடும். எரிபொருள் மேல்நோக்கி ஏறி வர வேண்டும்; திருகை ஒட்ட மூடியிருந்தால் வருவது போதாது. அது மோட்டார்க்காரருக்குச் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. விமானத்தைத் தரையில் வைத்து அந்தத் திருகையே பார்த்தார்.

"வேலுமயில், அடுத்தது நீங்க!" தேர்வாளர் தூரத்திலிருந்து கூப்பிட்டார்.

"அஞ்சு நிமிசம் குடுங்க சார்!"

எஞ்சினைக் கிளப்பினார். ஒரு கிளிக் திறந்து மூக்கைத் தூக்கினார். அணைந்தது. மறுபடி கிளப்பி இன்னொரு கிளிக். திணறியது. விரலில் விசிறி உரசி ரத்தம் வந்தது. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை கிளிக்குங்க மேடம்?"

"என்னைக் கேட்டு என்ன பண்ண? அதைக் கேளுங்க."

மறுபடி திறந்தார். மறுபடி தூக்கினார். இந்த முறை குரல் தாழவில்லை. சற்றே உயர்ந்து, அப்படியே நீடித்தது. கை கடுக்கும்வரை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஓட்டினார். மண்ணில் குதித்துக் குதித்து ஓடிய விமானம் எழும்பியது. முன்பு இரண்டும் விழுந்த இடத்துக்கு மேலே, பனை உயரம் தாண்டி, மூக்கை நிமிர்த்தி ஏறியது. எஞ்சின் விடாமல் இரைந்தது. ஒரு சுற்று முடித்து, கொஞ்சம் கோணலாகத்தான், ஆனால் சக்கரங்களின் மேல் வந்து இறங்கியது.

தேர்வாளர் தலையசைத்துக் கையைத் தூக்கிக் காட்டினார்.

வேலுமயில் ஓடிப்போய் விமானத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். எஞ்சின் இன்னும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரல் தானாகத் திருகை நோக்கிப் போனது.

"அவ்வளவு ஏறியும் இன்னும் தெம்பு மிச்சமிருக்குதுங்க மேடம். ஒரே ஒரு கிளிக் மூடிக்கட்டுங்களா?"

"அந்த மிச்சத்துலதான் அண்ணா அது ஏறுச்சு" என்றாள் ஸ்டெல்லா.