கொம்பன் தோண்டிய ஊற்று

சீத்தமலைக் காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் பூரணி அம்மை. வயது நாற்பத்தொன்று. அங்கே தங்கியிருந்த ஐந்து பேரில் மூத்தவர் அரங்கநாயகம். அறுபத்திரண்டு வயது. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஓவர்சியராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தவர். தன்னைவிட இளையவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. ஆனால் தண்ணீர் விஷயம் மட்டும் தனக்குத்தான் தெரியும் என்று நினைத்தார்.

சுனையிலிருந்து ஆசிரமத்துக்குக் குழாய் போட்டவர் அவர்தான். அந்தக் குழாயை ஒரு கொம்பன் யானை மூன்று முறை மிதித்து உடைத்திருந்தது. மூன்றாவது முறை, உடைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மை முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, வனத்துறைக்கு எழுதிப்போட்டு இதை வேற காட்டுக்கு விரட்டச் சொல்லணும். உடைக்கிறதைத் தவிர இதுக்கு வேற வேலையே இல்ல."

"குழாய் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு, ஐயா?"

"மூணு."

"அது இந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சு?"

அரங்கநாயகம் போய்க் குழாயை ஒட்டினார்.

அந்தச் சித்திரையில் சுனையே வற்றிவிட்டது. தண்ணீர் லாரி ஏறி வர மலையில் பாதை கிடையாது. இரண்டு அண்டாவில் இருந்த தண்ணீர் ஐந்து நாளைக்குத்தான் வரும். அதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் ஆசிரமத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் அடிவாரத்துக்கு இறங்க வேண்டும்.

"ஆத்து மணலுக்கு அடியில தண்ணி இருக்கும்மா. நான் எடுத்துத் தர்றேன்" என்றார் அரங்கநாயகம்.

காய்ந்து கிடந்த காட்டாற்றில் இரண்டு நாள் தோண்டினார். இரண்டு குழிகள். சரியாமல் இருக்கப் பலகை கொடுத்து, நூல் பிடித்ததுபோல நேராக இறக்கினார். எட்டடியில் இரண்டிலும் பாறை தட்டியது. ஈரம்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை போனபோது ஒரு குழிக்குள் முயல் ஒன்று விழுந்து கிடந்தது. ஏறப் பார்ப்பதும் சறுக்கி விழுவதுமாக நகமெல்லாம் தேய்ந்திருந்தது. அவர் பலகை இடுக்குகளில் கால் வைத்து உள்ளே இறங்கித் தூக்கினார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. கையை உயர்த்தி மேலே விட்டதும் ஓடிப்போனது. நேராக இறக்கிய அந்தக் குழியிலிருந்து அவருக்குத்தான் உடனே ஏறி வர முடியவில்லை. குழியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் வெளியே வந்தபோது எதிர்க்கரையில் கொம்பன் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

யானை அவருடைய குழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தும்பிக்கையை மணல்மேல் ஓட்டியபடி மெல்ல நடந்தது. ஆறு வளைகிற இடத்தில், ஒரு மருத மரத்தின் அடியில் நின்றது. முன்காலால் மணலை உதைத்துத் தள்ளியது. தும்பிக்கையால் அள்ளி வீசியது. அரை மணி நேரம் இப்படியே நடந்தது. முதலில் வந்த கலங்கல் நீரை உறிஞ்சி வெளியே ஊதியது. பிறகு தெளிந்த நீரை நிதானமாகக் குடித்தது. கொஞ்சம் முதுகில் விசிறிக்கொண்டு வந்த வழியே கரையேறியது.

அரங்கநாயகம் ஓடிப்போய்ப் பார்த்தார். நான்கடி ஆழம்தான். ஒரு பக்கம் சரிவாக இடிந்து கிடந்தது. அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கையில் அள்ளிக் குடித்தார். இனித்தது.

மூச்சிரைக்க ஆசிரமத்துக்கு வந்தார்.

"அம்மா, தண்ணி கெடச்சிடுச்சு! நம்மகிட்ட கிணத்துக்குப் போடுற சிமெண்ட் உறை ரெண்டு இருக்கு. இறக்கிட்டா வருஷம் பூரா நமக்குக் கவலையே இல்ல."

"எத்தனை அடியில கெடச்சுது?"

அவர் தயங்கினார். "நான் தோண்டினது இல்லம்மா. கொம்பன் தோண்டினது."

அம்மை, "உறையைக் கொண்டு போங்க. ஆனா அங்க யாராவது குடிச்சிட்டிருந்தா, அவங்க குடிச்சு முடிக்கட்டும். யாருமே இல்லாதப்ப இறக்குங்க" என்றார்.

ஒரு குடத்தையும் எடுத்துக்கொண்டு, இன்னொருவர் துணையோடு ஓர் உறையை ஆற்றங்கரைவரை உருட்டிக்கொண்டு போனார். துணைக்கு வந்தவர் திரும்பிவிட்டார். அரங்கநாயகம் உறைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

புள்ளிமான்கள் குடித்துக்கொண்டிருந்தன. அவை போனதும் மயில்கள் அந்தச் சரிவில் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து இறங்கின. பிறகு ஒரு கீரி. பிறகு குட்டிகளோடு பன்றி. யானை வாரிப் போட்ட ஈர மணலில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. கொம்பன் விட்டுப்போன லத்தியைக் கௌதாரி இரண்டு கிளறிக்கிளறி விதை பொறுக்கின. மதிய வெயிலில் எல்லாம் அடங்கும் என்று நினைத்தார். அப்போது தேனீக்கள் வந்தன.

பொழுது சாயும் நேரத்தில் வெறுங்குடத்தோடு திரும்பினார்.

"உறை இறக்கலையா?"

"வரிசை முடியவே இல்லம்மா."

"ஒரு குடம் தண்ணிகூடவா எடுக்கல?"

"நடுவுல எப்படிப் புகுறது?"

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். அரங்கநாயகத்துக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அம்மையே இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அவரோடு வந்தார். கரையில் நின்று பார்த்தார். மான்கள் குடித்துவிட்டு விலகின. அடுத்த முறைக்காக மந்திகள் பாறையில் உட்கார்ந்திருந்தன. அம்மை அவசரப்படாமல் நடந்து போய், சரிவில் இறங்கிக் குந்தினார். கொட்டாங்கச்சியால் மொண்டு இரண்டு குடத்தையும் நிரப்பினார். மந்திகள் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒன்றும் நகரவில்லை. அவர் கரையேறிய பிறகு அவை இறங்கின.

"நமக்கும் இடம் இருக்கு, ஐயா. இந்தக் குடத்தைப் பிடிங்க."

அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஐந்து பேரும் பத்தொன்பது நாள் அங்கேயே இருந்தார்கள். யாரும் அடிவாரத்துக்கு இறங்கவில்லை. ஊற்று கீழே போகப்போக, கொம்பன் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து இன்னும் கொஞ்சம் தோண்டிவிட்டுப் போனது. மான்களுக்கு அடுத்து, மந்திகளுக்கு முன்பு தன்னுடைய முறை என்று அரங்கநாயகத்துக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் மண்வெட்டியோடு போய்த் தன்னுடைய இரண்டு குழிகளின் பக்கங்களையும் வெட்டிச் சரித்துவிட்டார். இனி எது உள்ளே விழுந்தாலும் ஏறி வந்துவிடும். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

இருபதாம் நாள் மலைக்கு மேலே மழை பிடித்தது. மதியத்துக்குள் ஆற்றில் செந்நீர் வந்தது. குழிகளெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை. குருவும் சீடரும் தூறலில் நனைந்தபடி கரையில் நின்று பார்த்தார்கள். எதிர்க்கரையில் கொம்பன் மூங்கிலை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. அது தாழ்த்திய கிளைகளில் மான்கள் இலை கடித்துக்கொண்டிருந்தன.

அரங்கநாயகம் கேட்டார். "அம்மா, மானுக்கும் மயிலுக்கும் தாகம்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்களுக்காகவோ நமக்காகவோ தோண்டல?"

"இல்ல."

"அப்புறம் எப்படிம்மா இத்தனை பேருக்குத் தண்ணி கெடச்சுது?"

அம்மை முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குத் தாகமா இருந்துது, தோண்டிச்சு. தாகம் தீர்ந்ததும் அந்த எடத்துலயே நிக்காம நகர்ந்துடுச்சு, ஐயா."