உப்பு ஜாடி முதலில்

கூவாச்சிப்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அவர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். சங்கரன்கோவிலில் இறங்கி யாரைக் கேட்டாலும் அந்த ஊருக்கு வழி காட்டுவார்கள், காட்டும்போதே சிரிப்பார்கள். அந்த ஊரில் கோமதிநாயகம் என்று ஒருவர். தங்கமான மனுஷன், சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான்.

அவர் மனைவி உலகம்மைக்கு ரயில்வேயில் உத்தியோகம். சித்திரையில் நாக்பூருக்கு மாற்றல் ஆயிற்று. அவள் முன்னால் போய் ஒரு வாடகை வீட்டை, தெருவில் நின்றபடியே பார்த்து முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு சுனந்தா அம்மாளிடம் ஒண்டிக்கொண்டாள். உப்பு போகாத வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது?

இதற்கு ஒரு பின்கதை உண்டு. போன தடவை வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெருவுக்குக் குடி போனபோது, கோமதிநாயகம் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் புது வீட்டுக்குள் நுழைந்தார். கைக்குக் கிடைத்தது துடைப்பம். அன்றைக்குப் பிடித்தது சனி. பசு கறவையை நிறுத்தியது, கூரை ஒழுகியது, கடைசியில் இந்த மாற்றலும் வந்து புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மூலையில் கிடக்க வேண்டியதாயிற்று. எல்லாம் அந்தத் துடைப்பம் பார்த்த வேலை என்று உலகம்மை தீர்ப்புச் சொன்னாள். கோமதிநாயகமும் தலையாட்டிவிட்டார்.

அவள் இல்லாத வீடு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தானே பொங்கித் தானே சாப்பிட்டார். ஆனால் யாரும் திட்டாமல் சாப்பிடுகிற சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆனி மாதத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஆனி கடைசி வெள்ளிக்கிழம காலைல நல்ல நேரம் இருக்கு. அத விட்டா ஆடி பொறந்துரும், ஆடியில குடி போகக் கூடாது. இன்னும் ஒரு மாசம் நீங்க அங்க, நான் இங்கன்னு கெடக்கணும். எங்கம்மா குடுத்த உப்பு ஜாடி இருக்குல்லா, அதுதான் முதல்ல உள்ள போகணும். வேற ஒரு துரும்பு முந்திரக் கூடாது. இந்த ஒரு தடவையாவது ஒரு காரியத்த ஒழுங்காச் செய்வியளா?"

"செய்வேன் உலகு," என்றார் கோமதிநாயகம்.

அவருக்குத் துணைக்கு இரண்டு பேர். ஒருவன் உலகம்மையின் தம்பி கனியப்பன். லாரி ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்தான், அதனால் ஊரில் அறிவாளி என்று பெயர். இன்னொருவன் கோமதிநாயகத்தின் தம்பி ஆவுடையப்பன். அவன் எதையும் ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் தப்பாகச் செய்வான். ஒரு சின்ன லாரியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தியதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"முதல்ல இறங்க வேண்டியது எது?" என்று கனியப்பன் கேட்டான்.

"உப்பு ஜாடி."

"அப்ப முதல்ல ஏத்த வேண்டியது எது?"

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "உப்பு ஜாடி."

"அண்ணே, பஸ்ஸுல பாத்திருக்கேன்," என்றான் ஆவுடையப்பன். "கடைசியா ஏறுதவன்தான் முதல்ல இறங்குதான்."

"அவன் டிக்கெட் எடுக்காதவனா இருப்பான்," என்றான் கனியப்பன். "ரேஷன் கடையப் பாரு. முதல்ல போய் நிக்கவன்தான முதல்ல வாங்கிட்டு வாரான்?"

ரேஷன் கடைக்கு எதிராக யாராலும் பேச முடியவில்லை. உப்பு ஜாடியை வைக்கோல் சுற்றி, லாரியின் உள்கோடியில், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் மூலையில் வைத்தார்கள். அதற்கு முன்னால் பீரோ, அதற்கு முன்னால் ஆட்டுக்கல், பிறகு கட்டில், மெத்தை, குதிர், அண்டா என்று தார்ப்பாய் முட்டும்வரை அடுக்கினார்கள். லாரியில் இடம் கொள்ளாத கடப்பாரையையும் மண்வெட்டியையும் கோமதிநாயகத்தின் பழைய காரின் டிக்கியில் போட்டார்கள். துடைப்பத்தைத் துண்டால் சுற்றி, எதையும் பார்க்க முடியாதபடி கார் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார் கோமதிநாயகம். அதன் மேல் அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

அடுத்தது உலகம்மையின் ஸ்கூட்டர். அதை லாரியில் ஏற்றவே கூடாது, கீறல் விழும் என்று அவள் சொல்லியிருந்தாள். தான் இல்லாதபோது அதை யாரும் ஓட்டக் கூடாது என்று ஊரை விட்டுக் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். ஏற்றவும் கூடாது, ஓட்டவும் கூடாது. மூவரும் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"விட்டுட்டுப் போயிருவமா?"

"ஒண்ணு விடாமக் கொண்டு வாங்கன்னு சொல்லிருக்காளே!"

கடைசியில் ஆவுடையப்பன் வழி கண்டுபிடித்தான். ஸ்கூட்டரைக் கயிற்றால் காரின் பின்னால் கட்டி, எஞ்சினைப் போடாமல், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தான். "இப்ப நான் ஓட்டலல்லா? சும்மாத்தான உக்காந்திருக்கேன்?"

"மதினி பேரக் காப்பாத்திட்டடா," என்று கோமதிநாயகம் தம்பியைத் தட்டிக் கொடுத்தார்.

கிளம்புகிற நேரத்தில் உலகம்மை மறுபடி கூப்பிட்டாள். முதலில் புருஷனிடம் பேசினாள். "உங்களுக்கு வழி தெரியாது. லாரி பின்னாலயே வாங்க. முந்தாதீங்க." பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். "ஏலே கனி, அத்தான் காரு ஓட்டுனா தூங்கிருவாரு. அவரு பின்னாலயே வா. கண்ண விட்டு எடுக்காத."

இரண்டு பேரும் சரி என்றார்கள். இரண்டு பேரும் எஞ்சினைப் போட்டுவிட்டு அடுத்தவர் கிளம்பட்டும் என்று காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கனியப்பன் மெல்ல நகர்ந்து, வாசலுக்கு எதிரே இருந்த தெப்பக்குளத்தைச் சுற்றிக் காருக்குப் பின்னால் வந்து சேர்ந்தான். லாரி பின்னால் வந்துவிட்டதே என்று கோமதிநாயகம் பதறி, அவரும் குளத்தைச் சுற்றி லாரிக்குப் பின்னால் போனார். அதற்கப்புறம் யாரும் நிற்கவில்லை. லாரி காரின் பின்னால், கார் லாரியின் பின்னால், கயிற்றில் ஆவுடையப்பன் என்று குளத்தைச் சுற்றி ஒரே ஊர்வலம்.

ஊர் கூடிவிட்டது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பெண்கள் ஆரத்தி கரைத்தார்கள். இரண்டு பேர் தேங்காய் உடைத்தார்கள். ஹெல்மெட்டோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனுக்குத்தான் வேண்டுதல் என்று முடிவாகி, அவன் நெற்றியில் யாரோ விபூதி பூசினார்கள். ஹெல்மெட் இருந்ததால் விபூதி ஹெல்மெட்டில் நின்றுவிட்டது.

"அண்ணே, எனக்குக் கிறக்கமா வருது," என்று அவன் கத்திய பிறகுதான் வண்டிகள் நின்றன. மறுபடியும் கூடிப் பேசினார்கள்.

"பின்னால போறதுதான சிக்கல்?" என்றான் கனியப்பன். "பக்கத்துல பக்கத்துல போவம் அத்தான். யாரும் யாருக்கும் முன்னால இல்ல. அக்கா என்ன கேட்டாலும் பதில் இருக்கு."

அப்படியே கிளம்பினார்கள். மதுரை, பெங்களூர், ஐதராபாத் என்று வழி நெடுக, லாரியும் காரும் தோளோடு தோள் உரசாத குறையாகச் சாலையை அடைத்துக்கொண்டு போயின. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் விடாமல் ஹாரன் அடித்தன. வடக்கத்தி ஜனங்கள் எவ்வளவு பிரியமாக வழியனுப்புகிறார்கள் என்று கோமதிநாயகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனார். சுங்கச்சாவடியில் ஆளுக்கொரு வழியாகப் போக வேண்டி வந்தபோது மட்டும் துக்கம் தாளவில்லை. அந்தப் பக்கம் போனதும் மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

என்ன ஆச்சரியமோ, சொன்ன வெள்ளிக்கிழமை காலையில், சொன்ன தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

உலகம்மை பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வாசலுக்கு வெளியே நின்றாள். அவளைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு வழியில் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று. இளைத்துவிட்டாளோ என்று நினைத்தார். அவளும் அவரைத்தான் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"ஓட்டலையே?"

"உக்காந்துதான் வந்தேன் மதினி," என்றான் ஆவுடையப்பன். அவனுக்கு இரண்டு காலும் வளைந்தபடியே நின்றுவிட்டிருந்தன.

"சரி. நல்ல நேரம் இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு. தீதி வீட்டுல பால் அடுப்புல இருக்கு, நான் போய் எடுத்துட்டு வந்துருதேன்." சுனந்தா அம்மாளை அவள் தீதி என்றுதான் கூப்பிடுவாள், அந்த ஊரில் அக்காவுக்கு அப்படிப் பெயர். "உப்பு ஜாடி வாசப்படியத் தாண்டுத வரைக்கும் லாரிய விட்டு ஒரு சாமானும் கீழ இறங்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. அவள் போனதும் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். அண்டா தெரிந்தது. அண்டாவுக்குப் பின்னால் குதிர். உப்பு ஜாடி எங்கோ அந்தக் கோடியில், மூலையில், ஆட்டுக்கல்லுக்கும் பீரோவுக்கும் அப்பால் இருந்தது.

"அண்டாவ இறக்குனாத்தான் ஜாடிய எடுக்கலாம்," என்றான் ஆவுடையப்பன்.

"ஜாடி உள்ள போனாத்தான அண்டாவ இறக்கலாம்?" என்றான் கனியப்பன்.

"அப்ப ஊருக்குத் திரும்பிப் போய், எல்லாத்தையும் இறக்கி, மாத்தி அடுக்கிக் கொண்டாந்துருவமா?"

"ஆடி பொறந்துரும்டா!" என்றார் கோமதிநாயகம். அவருக்கு நிஜமாகவே கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு மாசம். இன்னும் ஒரு மாசம் அவளை விட்டுவிட்டு அந்த வீட்டில், அந்தச் சோற்றோடு. இந்த ஒரு தடவையாவது என்று கேட்டாளே! அவர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார். அங்கேயே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது.

"மாப்ளே, பின்னால இருந்து பாத்தாத்தான் ஜாடி கடைசி. முன்னால இருந்து பாரு. டிரைவர் சீட்டுக்கு அடுத்தாப்புல அதுதான் முதல் சாமான். லாரி அப்படியே நேரா வீட்டுக்குள்ள போயிட்டுன்னா, வாசப்படிய முதல்ல தாண்டுதது எது?"

இரண்டு பேரும் அவர் பக்கத்தில் வந்து நின்று முன்னாலிருந்து பார்த்தார்கள்.

"உப்பு ஜாடி," என்றான் கனியப்பன் பயபக்தியோடு.

"லாரி முந்திக்கிடுமே அண்ணே?"

"லாரி நம்ம சாமானா? வாடகை வண்டிதான?"

வாசல் கொஞ்சம் ஒடுக்கம். அதனால் என்ன? கடப்பாரை காரில்தான் இருந்தது, லாரியில் இல்லை. அதை எடுக்க எந்தத் தடையும் கிடையாது. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். பழைய மண் சுவர், நன்றாக ஒத்துழைத்தது. நிலையைப் பெயர்த்து, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரைத் தள்ளி, அடியில் இருந்த வாசப்படிக் கல்லை மட்டும் மரியாதையாக விட்டு வைத்தார்கள். அதைத் தாண்டுவதற்காகத்தானே இவ்வளவும்? தெரு குறுகல் என்பதால் கனியப்பன் லாரியை ஒடித்துத் திருப்பி, சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே விட்டான். ஓடுகள் சில தலையில் உதிர்ந்தன. லாரி பாதிக்கு மேல் கூடத்துக்குள் போய் நின்றது. உப்பு ஜாடி வாசப்படியைத் தாண்டிவிட்டது. நல்ல நேரம் இன்னும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் உலகம்மை பால் பாத்திரத்தோடு வந்தாள். கூடவே, அந்த வாடகை வீட்டுக்கும் சொந்தக்காரியான சுனந்தா அம்மாளும் வந்தாள்.

வீட்டுக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. அது இருந்த இடத்தில் லாரியின் பின்பக்கம் இருந்தது. புழுதிக்கு நடுவே கோமதிநாயகம் கடப்பாரையோடு நின்றார். சுனந்தா அம்மாள் காலடியில் கிடந்த ஓட்டுத் துண்டைக் காலால் புரட்டிப் பார்த்தாள். உலகம்மை லாரியைப் பார்த்தாள், சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள், தரையில் குனிந்து சக்கரத் தடத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. இன்றைக்குத் தொலைந்தோம் என்று கோமதிநாயகம் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஏங்க," என்றாள் உலகம்மை. "எந்தச் சக்கரம் முதல்ல உள்ள போச்சு?"

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார்.

"இடது."

"புது வீட்டுக்குள்ள இடது கால வச்சா போனிய?" உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் கூவாச்சிப்பட்டியில் பிறந்தவள்தானே. "கனி, வண்டியப் பின்னால எடு! அந்தப் பக்கமா ஒடிச்சு வந்து வலது சக்கரத்த வை! சீக்கிரம்!"

லாரி உறுமிக்கொண்டு வெளியே வந்தது. மிச்சமிருந்த சுவரும் அதன் கூடவே வந்தது. தன் பெண்டாட்டியை எதற்காக இத்தனை நாள் தேடினோம் என்று கோமதிநாயகத்துக்கு அந்த நிமிஷம் நன்றாகப் புரிந்தது. இவள் மட்டும் பக்கத்தில் இருந்தால் ஒரு காரியமும் தப்பாகப் போகாது.

"அக்கா, அந்தப் பக்கம் ஒடிக்க முடியாது," என்று கனியப்பன் கத்தினான். "பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கும்!"

உலகம்மை ஒரு கணம்தான் யோசித்தாள். பால் பாத்திரத்தைச் சுனந்தா அம்மாளின் கையில் பதவிசாகக் கொடுத்தாள்.

"தீதி, இதக் கொஞ்சம் சிந்தாமப் பிடிச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு, புருஷன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டு, சுனந்தா அம்மாளுடைய வீட்டுச் சுவரைப் பார்த்து நடந்தாள்.