ரெண்டு கரைப் பாட்டும் கேட்ட கீரி

காட்டுக்கு நடுவுல ஒரு குளம். கிழக்குக் கரையில ஒரு ராக் கோஷ்டி. மேற்குக் கரையில ஒரு கர்நாடக சங்கீத கோஷ்டி. நடுவுல தண்ணி மட்டும் யார் வம்புக்கும் போகாம கிடந்துச்சு.

கிழக்குக் கரைக்குத் தலைவர் சடையன். அது ஒரு முள்ளம்பன்றி. முள்ளைச் சிலுப்பினா கிடார் மாதிரி கேக்கும்னு அதுவே சொல்லிக்கும். கூட ஏழு தவளைங்க. ஏழு எண்ணிக்கைத் தாளம், ஆளுக்கு ஒரு அடி. அஞ்சாவது அடி சுண்டுவோடது. இருக்கறதுலயே சின்னத் தவளை அதுதான்.

"இது சாதா ராக் இல்லடா! புரோகிரசிவ் ராக்!"னு சடையன் மார் தட்டும். அப்படின்னா என்னன்னு யாராவது கேட்டா, ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டும். நடுவுல தாளம் மாறும், திரும்ப மாறும். பாட்டு முடியறப்ப கேட்டவனுக்குக் கொஞ்சம் வயசாகியிருக்கும்.

மேற்குக் கரையில பாடுறது அபரஞ்சி. அது ஒரு குண்டுகரிச்சான் குருவி. உடம்பு கைக்குள்ள அடங்கும், குரல் காட்டுக்குள்ள அடங்காது. சுருதி போட ஒரு கருவண்டு. அபரஞ்சி ஒரு ராகத்தை எடுத்தா அதோட சந்துபொந்தெல்லாம் நுழைஞ்சு பாத்துட்டுத்தான் வெளிய வரும். அங்கயும் பாட்டு சின்னது இல்ல.

இவங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாது.

கிழக்குக் கரையில வேலப்பன்னு ஒரு கீரி இருந்துச்சு. ராக்னா அதுக்கு உசுரு. தவளைங்களுக்குக் காவலும் அதுதான். கீரி இருக்குற கரையில எந்தப் பாம்பு வாயைத் திறக்கும்?

பக்கத்துப் புத்துல ஒரு சாரைப்பாம்பு இருந்துச்சு. அதுக்குத் தவளைன்னா ரொம்ப இஷ்டம். ஆனா வேலப்பன் இருக்கே! அதனால அது ரசிகர் வேஷம் கட்டுச்சு. "பாம்புன்னாலே சங்கீதம் தெரிஞ்ச சாதி. மகுடிக்கு ஆடுறாரே, அவரு எனக்குப் பெரியப்பா மகன். தவளை எல்லாம் இப்ப சாப்பிடறதில்ல, வயிறு ஒத்துக்கல"ன்னு சொல்லி வச்சிருந்துச்சு. ரெண்டு கரையும் அதைக் 'காதுக்காரர்'னு மரியாதையா கூப்பிட்டுச்சுங்க.

பாம்புக்குக் காது ஓட்டையே கிடையாது. தரை அதிர்ந்தா வயித்துல தெரியும், அவ்வளவுதான். ஆனா தலையை மட்டும் அழகா ஆட்டும். சபையில அது போதும்.

ஒருநாள் காலையில காதுக்காரர் சடையன்கிட்ட வந்துச்சு.

"தலைவரே, சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். உங்க வேலப்பன் தினமும் மேற்குக் கரைக்குப் போறான். நாணலுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து ஆலாபனை கேக்குறான்!"

"என்னது!" சடையனுக்கு முள்ளெல்லாம் நட்டுக்கிச்சு. "டேய் வேலப்பா! வாடா இங்க! நீ அந்தப் பக்கம் போறியா?"

வேலப்பனுக்குப் பொய் வராது. "போறேண்ணே."

தவளைங்க ஏழும் ஒண்ணா கத்துச்சுங்க. "துரோகி!"

"எதுக்குடா துரோகி? இங்கயும் நீளப் பாட்டு, அங்கயும் நீளப் பாட்டு. இங்கயும் கணக்கு, அங்கயும் கணக்கு. எனக்கு ரெண்டும் புடிக்குது. கேட்டாக் குத்தமா?"

"ராக் கேக்குற காதுக்கு அது எப்படிடா புடிக்கும்? அப்ப நீ இங்க தலையாட்டுனது எல்லாம் நடிப்பா?"

"நடிப்பு இல்லண்ணே. வேணும்னா உங்க போன வாரப் பாட்டுல எந்த இடத்துல தாளம் நழுவுச்சுன்னு சொல்லவா?"

சொல்லியிருக்கக் கூடாது. சடையன் வாலைத் தூக்கிக்கிட்டுத் துரத்துச்சு. சுண்டு மட்டும், "அண்ணன் நல்லவருங்க!"ன்னு ஈனக்குரல்ல சொல்லிப் பாத்துச்சு. யாரும் காதுல வாங்கல.

வேலப்பன் குளத்தைச் சுத்தி மேற்குக் கரைக்கு ஓடுச்சு. "அபரஞ்சியக்கா, நான் இங்க ஓரமா இருந்துக்கறேனே!"

அபரஞ்சி கழுத்தைத் திருப்பிக்கிச்சு. "காதுக்காரர் நேத்தே சொன்னாரு. நீ ராக்குக்காரங்க உளவாளியாம்ல? அந்தக் கூச்சல் கேட்ட காதுல கமகம் ஏறுமா தம்பி?"

"அக்கா, அவங்க ஏழு எண்ணிக்கை போடுறாங்க. நீங்களும் அதே ஏழுதானே..."

"இது மிஸ்ர சாபு தாளம்! அது வேற, இது வேற! கிளம்பு!"

ரெண்டு கரையும் இல்லன்னா எங்க போறது? வேலப்பன் தூரத்துல இருந்த மேட்டுப் பாறையில போய்க் குந்திக்கிச்சு.

அன்னைக்கே சாயங்காலம் பாம்பு ரெண்டு கரைக்கும் ஒரு யோசனை சொல்லுச்சு. "எந்தக் கோஷ்டி பெருசுன்னு இன்னைக்கே பாத்துடலாம்! ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாசிங்க. யாரு யாரை அமுக்குறாங்கன்னு நான் தீர்ப்பு சொல்றேன். ஒரு விஷயம், நல்ல வித்வானும் நல்ல ரசிகனும் கண்ணைத் திறக்கவே மாட்டாங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கணும். நான் தவளைங்களுக்குப் பின்னால உக்காந்துக்கறேன். அங்க இருந்தாத்தான் ரெண்டும் சமமாக் கேக்கும்."

அங்க எப்படி சமமாக் கேக்கும்னு யாரும் கேக்கல. எதிர்க் கரையை அமுக்கப் போற சந்தோஷம் எல்லாருக்கும்!

ஆரம்பிச்சுது! சடையன் முள்ளைச் சிலுப்பி உதறுச்சு. தவளைங்க ஏழும் அடி போட்டுச்சுங்க. அந்தப் பக்கம் அபரஞ்சி மேல் ஸ்தாயிக்குத் தாவுச்சு. வண்டு முழு மூச்சுல ரீங்காரம். குளமே கலங்குச்சு! மரத்துல இருந்த குரங்குங்க காதைப் பொத்திக்கிட்டு இறங்கி வேற மரம் பாத்துப் போச்சுங்க. ஆனா வாசிக்கிறவங்க மூஞ்சியில என்ன ஒரு ஆனந்தம்! எல்லாருக்கும் கண்ணு இறுக்க மூடியிருந்துச்சு.

மேட்டுப் பாறையில வேலப்பனுக்குப் புல்லரிச்சுது.

"அடடா! ரெண்டும் ஒண்ணா!"

மத்தவங்களுக்கு அது வெறும் இரைச்சல். வேலப்பனுக்கு அப்படி இல்ல. அபரஞ்சியக்கா குரல் தனியா மேல போச்சு. வண்டோட சுருதி தனியா நின்னுச்சு. அடியில தவளைங்க. வேலப்பன் தொடையில தட்டி எண்ணுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஆறு, ஏழு.

கை நின்னுபோச்சு.

"அஞ்சு எங்க?"

அடுத்த சுத்து கேட்டுச்சு. அதுலயும் அஞ்சு இல்ல.

"சுண்டு அடியை விடமாட்டானே! தும்மல் வந்தாக்கூட அஞ்சுக்குக் காத்திருந்துதானே தும்முவான்! ஐயோ!"

வேலப்பன் பாஞ்சுச்சு. முள்ளு, புதரு, சேறு எதையும் பாக்கல. கரைக்கு வந்ததும் அடி வயித்துல இருந்து கத்துச்சு. "நிறுத்துங்க!"

சடையன் நிறுத்துச்சு. தவளைங்க நிறுத்துச்சுங்க. அக்கரையில அபரஞ்சியும் நிறுத்துச்சு. எல்லாரும் கண்ணைத் திறந்தாங்க. ஒரு சத்தம் இல்ல.

அந்த அமைதியில காதுக்காரர் மட்டும் பாட்டு நின்னது தெரியாம, பிரமாதமாத் தலையாட்டிக்கிட்டு இருந்துச்சு. வாய்க்கு வெளிய சுண்டுவோட மேல்பாதி மட்டும் தொங்குச்சு.

"அடப்பாவி!"ன்னுச்சு சடையன்.

வேலப்பன் ஒரே தாவல்! பாம்பு வாலைக் கவ்வி இழுத்துச்சு. வலி தாங்காம பாம்பு வாயைப் பொளந்துச்சு. சுண்டு பொத்துனு விழுந்துச்சு. பாம்பு வாலை உருவிக்கிட்டுப் புதருக்குள்ள ஓடுச்சு. அப்புறம் அந்தக் குளத்துப் பக்கமே அது தலையாட்டல.

சுண்டு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டுச்சு. "அண்ணே, எத்தனை சுத்து விட்டுட்டேன்?"

"ஆள் முழுசா இருக்கியேடா, அது போதும்!"

சடையன் முள்ளை மடக்கிக்கிட்டு மெதுவா வந்துச்சு. "ஏன்டா வேலப்பா, பக்கத்துல இருந்த எங்களுக்கே கேக்கல. அவ்வளவு தூரத்துல உனக்கு எப்படிடா?"

"நீங்க உங்க பாட்டை மட்டும் கேட்டீங்க. அவங்க அவங்க பாட்டை மட்டும் கேட்டாங்க. எனக்கு ரெண்டும் பழக்கம்ணே. ரெண்டையும் பிரிச்சு வச்சுக் கேட்டேன், நடுவுல இருந்த ஓட்டை தெரிஞ்சுபோச்சு."

அபரஞ்சி குளத்தைத் தாண்டிப் பறந்து வந்து வேலப்பன் முன்னால உக்காந்துச்சு. "தம்பி, அந்த ஏழு எண்ணிக்கை... அது மிஸ்ர சாபுதான்."

"வேறன்னீங்களேக்கா?"

"வேறதான். ஆனா அதுதான்!"

மறுநாள் மேற்குக் கரை நாணலுக்குள்ள முள்ளு முள்ளா ஏதோ தெரிஞ்சுது. வேலப்பன் எட்டிப் பாத்துச்சு. சடையன்!

"என்னண்ணே இங்க?"

"சும்மா, வேவு பாக்க வந்தேன். பேசாம இருடா, ராகத்துல முக்கியமான இடம் போயிட்டிருக்கு!"

ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ரசிக்கிறவனைத் துரோகின்னு விரட்டாதீங்க, நம்ம பக்கத்துல ஒரு குரல் காணாமப் போனா முதல்ல கண்டுபிடிக்கிறவன் அவன்தான்.