குடை நிழலில் ஒரு சாண் ஆலமரம்

முன்னொரு காலத்தில், மழை பிடித்துக்கொண்டால் அரசருக்குப் புதிது புதிதாக ஆசைகள் பிறக்கும் ஒரு நாடு இருந்தது. அப்படியோர் ஐப்பசி அடைமழையில், கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் அரசருக்கு ஒரு மரத்தைக் காணிக்கையாகத் தந்தார். விழுதும் விட்டிருந்த ஆலமரம்தான். ஆனால் உயரம் ஒரு சாண். தட்டையான மண்தொட்டியில் நின்றது. அடைமழையிலும் ஆடிக்காற்றிலும் மட்டும் உள்ளே வைக்க வேண்டும், மற்ற நாள்களில் வெயிலும் பனியும் பட வேண்டும் என்று சொல்லிவிட்டு வணிகர் கப்பலேறினார்.

அரசருக்கோ மரத்தைப் பிரிய மனமில்லை. மழை ஓய்ந்த பிறகும் அது அரியணையின் அருகிலேயே, வெண்கொற்றக்குடையின் கீழ் இருந்தது. விகடகவி செவ்வந்தியப்பர் பணிவுடன் வணிகரின் சொல்லை நினைவூட்டினார். அவர்மீது நெடுநாள் பொறாமை கொண்டிருந்த அரசவைப் புலவர் திருமேனியார், இவ்வளவு அக்கறை உள்ளவரிடமே மரத்தை ஒப்படைக்கலாமே என்று அரசரின் காதில் போட்டார். உடனே ஆணை பிறந்தது.

"இம்மரம் நம் குடை நிழலை விட்டு அகலலாகாது. அகன்றாலும், பட்டுப்போனாலும், செவ்வந்தியப்பர் இந்நாட்டை விட்டு அகல வேண்டும்."

மார்கழியில் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. செவ்வந்தியப்பருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி உமையாள் மாலைதோறும் கேட்பாள்.

"இன்னிக்கு எத்தனைங்க விழுந்துச்சு?"

"ஏழு."

"மிச்சம்?"

அவர் கைகழுவப் போய்விடுவார். எந்தப் பாத்திரத்தை எடுத்துச் செல்வது, எதைத் தங்கைக்குக் கொடுப்பது என்று உமையாள் பிரித்துவைக்கத் தொடங்கியிருந்தாள்.

தை பிறந்ததும் அரசர் நாடு சுற்றிவரப் புறப்பட்டார். மரத்தில் ஒன்பது இலைகளே எஞ்சியிருந்தன. நிழலில் வைத்தால் மரம் போகும். வெயிலில் வைத்தால் ஆணை மீறிய குற்றம் வரும். செவ்வந்தியப்பர் தொட்டியைத் தூக்கி, முற்றத்து வெயிலில் வைத்தார். அதைப் பார்த்த புலவர் புன்னகையோடு நகர்ந்தார். ஒரு சொல்லாவது ஏசியிருந்தால் செவ்வந்தியப்பருக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

மாசிக் கடைசியில் அரசர் திரும்பினார். கோட்டை வாயிலில் வரவேற்புப் பாடல் பாடிய புலவர், அவரை நேரே முற்றத்துக்கு அழைத்துவந்தார்.

"அரசே, தங்கள் ஆணை வெயிலில் காய்கிறது. கண்டருள வேண்டும்."

அரசரின் முகம் சிவந்தது. செவ்வந்தியப்பர் கைகூப்பி முன்னே வந்தார். புலவர் பெருமான் வாயிலில் பாடியதை மறுபடி கேட்க ஆசை என்றார். பாராட்டுக்கு மயங்கிய புலவர் ராகத்தோடு பாடினார்: தென்கடல் தொடங்கி வடமலை வரை, எறும்பும்கூட அரசர் குடை நிழலை விட்டு அகன்றதில்லை.

"எறும்புக்குக் கிடைக்கும் நிழல் இம்முற்றத்துக்குக் கிடையாதா, ஐயா? அது முடியும் இடத்தில் தயைகூர்ந்து ஒரு கோடு கிழித்துக் காட்டுங்கள். மரத்தை அதற்குள் நகர்த்திவிடுகிறேன்."

கோடு விழும் இடத்தில் அரசரின் ஆட்சியும் முடிந்துபோகும். குனிந்த புலவரின் விரல் மண்ணைத் தொடவேயில்லை.

"கோட்டைக் கிழியும், புலவரே," என்றார் அரசர்.

"அந்த நிழலுக்கு... முடிவே இல்லை, அரசே."

அரசர் தொட்டியருகே குனிந்தார். கிளை நுனிகளில் செம்புநிறத் தளிர்கள் விட்டிருந்தன. வாய்விட்டுச் சிரித்தவர், தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பரின் கழுத்தில் போட்டார். இனி அடைமழையும் ஆடிக்காற்றும் தவிர மரம் முற்றத்திலேயே இருக்கும் என்றும், பங்குனி சித்திரை முழுவதும் நண்பகலில் புலவரே அதன் அருகில் காவல் நிற்பார் என்றும் ஆணையிட்டார்.

"நம் குடை நிழல் எப்படி இருக்கிறது, புலவரே?"

புலவர் நெற்றி வியர்வையை வழித்தெறிந்தார். "குளுகுளுவென்று இருக்கிறது, அரசே."

அரசர் மறுபடியும் சிரித்தார்.