விசில் அடித்தது யார்?

ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு மைக்கும், ஓர் ஈக்வலைசரும், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வேலை பார்த்து வந்தன. வாயிலிருந்து வந்ததை அப்படியே அடுத்தவரிடம் கொடுப்பது மைக்கின் வேலை. அதற்கு வேறொன்றும் தெரியாது. ஈக்வலைசருக்குத்தான் தலைக்கனம். அதன் முகத்தில் முப்பத்தொரு குமிழ்கள். எந்தக் குரலில் கனம் கூட வேண்டும், எதில் கூர்மை குறைய வேண்டும் என்பதெல்லாம் அவற்றை மேலும் கீழும் தள்ளுவதில் இருந்தது.

"எல்லாக் குரலையும் சமமாக்குகிறவன் நான்தான்" என்று அது சொல்லிக்கொள்ளும்.

அன்று மண்டபத்தில் கல்யாணம் இல்லை. ஆற்றோரத்துச் சாயப்பட்டறையை இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறார்கள். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார். மண்டபத்தின் ஒலியைப் பார்த்துக்கொள்ளும் தனசேகரன் காலையிலேயே வயர்களை மாட்டினார்.

பட்டறை மேனேஜர் வந்தார். "ஒரு பெட்டிய மேடைப் பக்கம் திருப்பு. நாங்க பேசறது எங்களுக்கே கேக்க மாட்டேங்குது."

"மைக்கைப் பாத்து வெச்சா விசில் அடிக்குமுங்க சார். பெட்டியில வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போயிச் சுத்திக்கிட்டே இருக்கும்."

"அதைச் சரி பண்ணத்தானே நீ இருக்கே?"

தனசேகரன் பெட்டியைத் திருப்பினார். மேனேஜரையே பேச வைத்து, அந்தக் கனத்த குரலுக்கு ஏற்றபடி குமிழ்களை அமைத்தார். கூட்டம் தொடங்கியதும் மேனேஜர் அரை மணி நேரம் பேசினார். ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை.

அடுத்து மயிலாத்தாள் மேடையேறினாள். ஆற்றோரத்தில் ஓர் ஏக்கர் தென்னையும் நாலு மாடும் வைத்திருப்பவள். குரல் மெலிசு, ஆனால் கூர்மை.

"என்ற கெணத்துத் தண்ணிய…"

வீலென்று அலறியது பெட்டி. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது.

"அம்மா, கத்தாம பேசுங்க" என்றார் அதிகாரி.

"நான் கத்துலீங்களே!"

மறுபடியும் வீல். மண்டபமே அவளை முறைத்தது.

தனசேகரன் திரும்பி நின்ற பெட்டியைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூடாது என்று தலையை ஆட்டினார். தனசேகரனின் விரல் ஈக்வலைசருக்குப் போனது. கூர்மையைப் பிடித்திருந்த ஐந்து குமிழ்களையும் ஒவ்வொன்றாக அடிமட்டத்துக்கு இழுத்தார்.

விசில் நின்றது. கூடவே சொற்களும் நின்றன. போர்வையால் வாயை மூடிக்கொண்டு பேசுவதைப் போல ஒரு முனகல் மட்டும் வந்தது.

மைக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் உன்னிடம் கொடுத்தேன். எங்கே அது?"

"விசில் நின்றதா இல்லையா?" என்றது ஈக்வலைசர்.

"விசில் அடித்தது அவளா? பெட்டியடா!"

"என்னை ஏன் இழுக்கிறாய்?" என்றது பெட்டி. "திருப்பி வைத்தார்கள், நிற்கிறேன்."

"மண்டபம் அமைதியாக இருக்கிறது. அதுதான் என் வேலை" என்றது ஈக்வலைசர்.

"த்தூ! சமமாக்குகிறாயாம். உனக்கு வெட்டத் தோன்றியது அவள் குரலை மட்டும்தானா?"

மயிலாத்தாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவந்ததையும், மூன்று கன்றுகள் அடுத்தடுத்துச் செத்ததையும் சொன்னாள். "என்னங்கறாங்க?" என்று கேட்டார் பின்வரிசையில் ஒருவர். "ஒண்ணும் வெளங்கல" என்றார் பக்கத்தில் இருந்தவர். யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி எதையோ எழுதினார். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, எழுதியதை வாசித்தார்.

"கூட்டம் அமைதியாக நடைபெற்றது. விரிவாக்கத்துக்கு எதிர்ப்பு எதுவும் கேட்கவில்லை."

மைக் அதையும் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அதிகாரியின் குரலும் கனத்த குரல்தான்; ஓர் எழுத்துகூடக் குறையாமல் கடைசி வரிசை வரை அது போய்ச் சேர்ந்தது.

மயிலாத்தாள் விடுவிடுவென்று இறங்கி தனசேகரன் முன்னால் வந்து நின்றாள். "அவங்களுக்கெல்லாம் அடிக்காத விசிலு எனக்கு மட்டும் ஏந் தம்பி அடிக்குது?"

தனசேகரன் மேனேஜர் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க கொரல்ல ஒரு தப்பும் இல்லீங்க அக்கா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "பெட்டியத் திருப்பி வெச்சிருக்குது. தெரிஞ்சேதான் வெச்சோம்."

அவள் போய்ப் பெட்டியின் இரும்புக் காலைப் பிடித்தாள். முன்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள்.

"யாரும்மா அது? தொடாதே!" என்று கத்தினார் மேனேஜர்.

பெட்டி கரகரவென்று தரையைத் தேய்த்துக்கொண்டு ஊர்ச் சனத்தைப் பார்த்துத் திரும்பியது. தனசேகரன் ஐந்து குமிழ்களையும் மேலே தள்ளினார்.

மயிலாத்தாள் மேடையேறி, அதிகாரியின் முன்னாலிருந்து மைக்கை எடுத்தாள். விசில் அடிக்கவில்லை.

"எதிர்ப்பு இல்லைன்னு எழுதுனத அடிங்க. நான் மொதல்ல இருந்து சொல்றேன்."