கோமதிநாயகம் நானூறு படம் அடுக்கிய கதை

முத்துமாலை ஃப்ளாட்ஸில் பன்னிரண்டு வீடு, மொட்டைமாடி ஒன்றுதான். அங்கே கோமதிநாயகம் நிறுத்தி வைத்திருந்த டெலஸ்கோப்பை இறக்கச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அந்த ஞாயிறு காலைக் கூட்டம். இறக்கினால் ஐந்தடிக் குழாய் எங்கே போகும்? அவர் பெண்டாட்டி செண்பகத்தின் ஒற்றைப் படுக்கையறைக்குத்தான். கட்டிலை நிமிர்த்திச் சாய்த்தால்தான் குழாய் படுக்கும். குழாய் படுத்தால் செண்பகம் எங்கே படுப்பாள்? மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன கேட்டாலும் சரி, சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று காலையிலிருந்து ஆறு தடவை சொல்லியிருந்தாள்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார்.

கையில் ஒரு படம். கறுப்புத் தாளில் வெள்ளையாக ஒரு சுழி. "இது ஒரு சுழல் அண்டம். எத்தனையோ லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கு. முதல்ல எடுத்தப்போ தேங்காய்ச் சட்னி சிந்துன மாதிரி இருந்துச்சு. தெருவிளக்கு கெடுத்துருச்சு. நான் விடுவனா? அதே இடத்தை நானூறு படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனேன். கசடெல்லாம் அமுங்கிப் போச்சு."

இதுவரை உண்மை. செண்பகத்துக்கு அதுதான் பயம். மனுஷன் எப்போதும் உண்மையில்தான் ஆரம்பிப்பார்.

"நானூறு படம் அடுக்குனா கனக்காதாவே?" என்று சிரித்தார் செயலாளர் இன்னாசிமுத்து. இவர்கள் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவர்.

"கனக்காமலா? முந்நூறு தாண்டுனதும் மேஜைக்கால் தரையில நாலு விரக்கடை இறங்கிட்டு. உம்ம வீட்டு சீலிங்ல வெடிப்பு எப்படி வந்துச்சுன்னு நினைச்சீரு?"

இன்னாசிமுத்துவின் சிரிப்பு நின்றது. அந்த வெடிப்புக்கு ஆள் கிடைக்காமல் ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார். செண்பகம் புருஷனின் சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள். சட்டை மட்டும்தான் வந்தது.

"அடுத்தாப்ல, மூடியைப் போட்டு இருட்டைப் படம் எடுக்கணும்."

"வெறும் இருட்டையா?" என்றாள் மூன்றாம் மாடி பிரகாசி.

"வெறும் இருட்டுதான் தாயி. காமிராவோட சொந்தக் கசடு அதுல தெரிஞ்சுரும். அதைக் கழிச்சா படம் பளிச்சுன்னு ஆயிரும். கழிச்ச இருட்டை வீட்டுக்குள்ள வைக்க முடியுமா? கூடை கூடையா அள்ளி மாடிப்படியில கொட்டிட்டேன்."

"அதான் ரெண்டு தடவை பல்பு மாத்தியும் எரியலையா? நான் முட்டியைப் பேத்துக்கிட்டேனே அண்ணாச்சி."

"அது பழைய இருட்டும்மா, நல்ல கெட்டி. பல்புக்கெல்லாம் அடங்காது. அப்புறம் காமிரா சூடாகக் கூடாது. நான் குளிர வச்சதுல இந்தச் சித்திரை வெயில்ல மாடித் தண்ணித்தொட்டி பாறையா உறைஞ்சிட்டு. செவ்வாய்க்கிழமை குழாயைத் திறந்தா காத்துதானே வந்துச்சு? கடப்பாறையால உடைச்சு விட்டதே நான்தான்."

கட்டடத்தின் பாவம் அத்தனையையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாரே என்று நினைத்தாள் செண்பகம். யாராவது லிஃப்ட் கெட்டதைக் கேட்டுவிட்டால் அதற்கும் ஒரு கிரகத்தைக் கொண்டுவருவார்.

"இவ்வளவு பாடுபட்ட படத்தைப் பெரிசாக்கிப் பாத்தேன்," என்றார் கோமதிநாயகம். "அந்த அண்டத்துல ஒரு ஃப்ளாட்ஸ். பன்னிரண்டு வீடு. கீழே கூட்டம். டெலஸ்கோப் மாடியிலயே இருக்கட்டும்னு எல்லாரும் கை தூக்கியிருந்தாங்க. உம்ம சாடையில ஒருத்தர் ரெண்டு கையும் தூக்கியிருந்தாரு."

"அது அங்க. இங்க, இறக்கணும்னு சொல்லுதவங்க கை தூக்குங்க," என்றார் இன்னாசிமுத்து.

மளமளவென்று கைகள் எழுந்தன. பிரகாசி ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினாள்.

கேஸ் சிலிண்டர்காரனிடம் பேசவே வேர்த்துக் கொட்டும் செண்பகம் எழுந்து நின்றாள்.

"அவர் சொன்னது அத்தனையும் பொய் அண்ணாச்சி."

"ஏட்டி," என்றார் கோமதிநாயகம்.

"அந்தக் குழாய் வானத்தைப் பாத்து மூணு மாசம் ஆச்சு. உள்ள நான் வத்தல் போட்டு வச்சிருக்கேன். எறும்பு ஏறாது, காக்கா கொத்தாது. இவர் நானூறு படம் எடுத்து அடுக்குனது என் முறுக்கு வத்தலை." படத்தைப் பிடுங்கி உயர்த்தினாள். அவள் சொன்ன பிறகு பார்த்தால் அது முறுக்கு வத்தலேதான். "வெடிப்பைக் கட்டடம் கட்டுனவன்கிட்ட கேளுங்க. மாடிப்படியில வயர் அறுந்து தொங்குது. செவ்வாய்க்கிழமை மோட்டார் போட மறந்தது யாருன்னு செயலாளருக்கே தெரியும்."

அந்த வருஷம் அவள் வத்தலே பிழியவில்லை. அது கோமதிநாயகத்துக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் இன்னொருவர் கதைக்குத் தலையாட்டினார்.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. "எனக்கும் ரெண்டு படி வத்தல் போட்டு வைக்க இடம் இருக்குமாக்கா?" என்றாள் பிரகாசி.

இன்னாசிமுத்து மட்டும் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். "சரிம்மா. அப்போ இந்த அண்டம் எங்க? கொண்டாந்து காட்டு, பாப்போம்."

"நேத்தே பொரிச்சாச்சு அண்ணாச்சி," என்றாள் செண்பகம். "உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."