சேனாதிபதி வளர்த்த கழுதைப்புலிப் படை

முன்னொரு காலத்தில் கருங்கல் நாட்டை மாவண்கோ என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஓர் ஆசை தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அவனுக்குக் குதிரைப்படை சலித்துப்போயிற்று.

அந்நாட்டு மலைக்குகைகளில் குதிரை உயரத்துக்குக் கழுதைப்புலிகள் உண்டு. சேனாதிபதி கொடுமுடியான் அவற்றைப் பிடித்துப் பழக்கினான். சேணம் பூட்டி, வீரர்களை ஏற்றி, அரண்மனை மைதானத்தில் நிறுத்தினான். அவை சிரித்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மனிதர்கள் சிரிப்பது போலவே இருந்தது.

"அருமை! நாளைப் போருக்கு இவைதான்!" என்றான் அரசன்.

அமைச்சர் நன்னாகர் மெல்லக் கேட்டார்: "தீனி என்ன, சேனாதிபதியாரே?"

"செலவே இல்லை. போர்க்களத்தில் விழுந்துகிடக்கும் பிணங்களே போதும்." கொடுமுடியான் அரசன் பக்கம் திரும்பினான். "அமைச்சருக்குக் கால் நடுங்குகிறது, மன்னா. நாளை முதல் வரிசையில் இவரையே ஏற்றுங்கள். பயம் தெளியும்."

"நல்ல யோசனை! நாளை நீர்தான் முன்னால் போகிறீர், அமைச்சரே. மறுத்தால் தலை இருக்காது."

நன்னாகர் தலைவணங்கினார். "ஏறுகிறேன், மன்னா. ஆனால் போர் என்றால் வீரன் கீழே விழுவதும் உண்டு. விழுந்தவனை இவை என்ன செய்யும் என்று பார்த்துவிடலாமே? வளர்த்தவரே ஒருமுறை படுத்துக் காட்டட்டும்."

"இவ்வளவுதானா? எல்லாம் என் கையில் தின்று வளர்ந்தவை!" கொடுமுடியான் மைதானத்தின் நடுவில் போய் மல்லாந்து படுத்தான்.

சிரிப்பு நின்றது.

எல்லா விலங்குகளும் திரும்பின. வீரர்கள் கடிவாளத்தை இழுத்தார்கள், கத்தினார்கள். அவை காதைக்கூட அசைக்கவில்லை. வீரர்களைச் சுமந்தபடியே வந்து அவனைச் சுற்றி வட்டமாக நின்றன. ஓசையில்லாமல் வட்டம் சுருங்கியது. ஒன்று அவன் கழுத்தை முகர்ந்தது.

"ம... மன்னா..."

"எழுந்து நில்லும்! உடனே!" நன்னாகர் கத்தினார்.

அவன் துள்ளி எழுந்தான். அவை பின்வாங்கின. ஆனால் போகவில்லை.

அரசனுக்கு வியர்த்துக்கொட்டியது. "நாளை நானும் அல்லவா ஏறியிருப்பேன்!" தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். "கொடுமுடியானே, வாளைக் கீழே வை. இனி உனக்குக் குதிரை லாயத்தில் சாணி அள்ளும் வேலை."

கழுதைப்புலிகளை மலைக்கு விரட்டினார்கள். ஒன்று மட்டும் தினமும் அந்தி சாய்ந்ததும் லாயத்துக்கு எதிரே வந்து உட்காரும். கொடுமுடியான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டான். கடைசிவரை அவன் படுக்கவும் இல்லை, அது வராமல் இருந்ததும் இல்லை.